இசை நாட்காட்டியில் நெல்லைச் சீமையின் நாட்கள்

பாளை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு வாசகசாலையின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. பணி ஓய்வு பெற்ற பிறகு, நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு அதை ஈரத்துணியால் துடைத்து, திரையிசையிலும் மெல்லிசையிலும் அன்றைய தேதிக்குரிய பிறப்பையோ மறைவையோ வேறு நிகழ்ச்சியையோ இரண்டு வரியில் எழுதி வருகிறேன். பால் வாங்கப் போகிறவர்கள் தூக்குச்சட்டியோடு நின்று படிக்கிறார்கள். சிலர் அந்தப் பாடகரின் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மேலே நடக்கிறார்கள். எனக்குப் பின்னும் யாராவது எழுத வேண்டும் என்பதற்காக, இந்த வரிகளையெல்லாம் ஒரே குறிப்பேட்டில் தேதிவாரியாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

ஜூன் மாதத்தில் எனக்குத் தேடும் வேலையே இல்லை. இளையராஜா 1943 ஜூன் 3 அன்று பண்ணைப்புரத்தில் பிறந்தவர். தமக்கு 'இசைஞானி' என்ற பட்டம் தந்த கலைஞர் கருணாநிதியின் பிறந்த நாளும் ஜூன் 3 என்பதால், அந்த நாளை அவருக்கே விட்டுவிட்டுத் தம்முடையதை ஜூன் 2ஆம் தேதியாக வைத்துக்கொண்டார். ஜூன் 4 எஸ்.பி. பாலசுப்ரமணியம் பிறந்த நாள். ஜூன் 21 கே.வி. மகாதேவனின் நினைவு நாள். ஜூன் 24 வந்துவிட்டால் பலகையில் இடம் போதாது: 1927இல் சிறுகூடல்பட்டியில் கண்ணதாசன் பிறந்தார், அடுத்த ஆண்டு அதே தேதியில் பாலக்காட்டுக்கு அருகேயுள்ள எலப்புள்ளியில் எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தார். பாட்டுக்காரருக்கும் மெட்டுக்காரருக்கும் ஒரே தேதி அமைந்ததை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கோ இங்கே நடந்தவற்றுக்கோ உரிய வரிகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டன. பாரதியாரின் டிசம்பர் 11ஐத் தவிர வேறு எதையும் நான் உறுதியோடு எழுதியிருக்கவில்லை. தென்காசி, தூத்துக்குடி எல்லாம் நம்மோடு இருந்த பழைய மாவட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்: நம் பக்கத்து நாட்கள் எவை? தேதியை மட்டும் தராமல், அந்த நாளில் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நலம்.

செங்கோட்டைவாசி எழுதியது:

வணக்கம் அக்கா. உங்கள் குறிப்பேட்டில் ஆகஸ்ட் 25ஆம் தேதி காலியாக இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். நாடக மேடைப் பாடகரும் நடிகருமான எஸ்.ஜி. கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் செங்கோட்டையில் பிறந்தார். பெயரின் முன்னெழுத்துகளில் முதலில் நிற்பதே எங்கள் ஊர்தான். 1933 டிசம்பர் 2 அன்று மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. தமிழில் பேசும் படம் வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. திரையில் அவர் முகத்தைப் பார்க்கும் பேறு நமக்கு இல்லாமல் போயிற்று. இசைத்தட்டுகளில் பதிந்த குரல் மட்டும் எஞ்சியிருக்கிறது. 'கோடையிலே இளைப்பாற்றிக்கொள்ளும்' என்ற வள்ளலார் விருத்தத்தை அவர் எடுக்கும் எடுப்பைக் கேட்டால், ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் அந்தக் குரல் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும். ஆகஸ்ட் 25க்கு உரிய பாட்டு அதுவே.

இந்தத் தேதியைப் பற்றி ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். கிட்டப்பா பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பழைய கணக்கில் அவருடைய பிறப்பு கொல்லம் 1082, பராபவ ஆண்டு ஆவணி மாதம் ஆகிறது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பத்திரமோ ஜாதகக் குறிப்போ எடுத்தால் கொல்லம் ஆண்டுதான் கண்ணில் படும். கொல்லம் ஆண்டோடு 824ஐயோ 825ஐயோ கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். நம் பக்கத்துக் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் முடிய 824. அதன் பிறகு அடுத்த ஆவணி வரை 825. இந்த ஒன்றைத் தவறவிட்டால் ஒருவருக்கு ஒரு வயது கூடியோ குறைந்தோ போய்விடும். பழைய கலைஞர்களின் பிறந்த ஆண்டு இடத்துக்கு இடம் ஒன்று மாறி நிற்பதற்கு இந்தக் கூட்டல் கணக்கும் ஒரு காரணம்.

எட்டயபுரம் வாசகர் எழுதியது:

செங்கோட்டை அண்ணாச்சி சொன்னதற்கு எங்கள் ஊரிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் திரையிசைக்காரர் அல்லர் என்பதால் உங்கள் பலகையில் அவருக்கு இடமில்லாமல் இருக்கலாம். ஆனாலும் கணக்கு பயன்படும். அவர் மன்மத ஆண்டு பங்குனி மாதம் கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தவர் என்பது குடும்ப வழிக் குறிப்பு. மன்மத ஆண்டு 1775 சித்திரையில் தொடங்கியது என்றவுடன் பலர் 1775 மார்ச் என்று எழுதிவிட்டார்கள். பங்குனி தமிழ் ஆண்டின் கடைசி மாதம் அல்லவா? மன்மத ஆண்டின் பங்குனி 1776 மார்ச்சில்தான் வரும். அவர் எட்டயபுரத்தில் மறைந்த 1835ஆம் ஆண்டு நரக சதுர்த்தசியில் இப்படியொரு குழப்பம் நேரவில்லை, தீபாவளியை யாரும் மறக்க முடியாது என்பதால்.

ஆகவே அக்கா, பழைய கலைஞர்களுக்குத் திதியோ நட்சத்திரமோ கிடைக்கும் இடத்தில் அதையும் அடைப்புக்குள் எழுதிவிடுங்கள். பாரதியார் சித்திரபானு ஆண்டு கார்த்திகை 27, மூல நட்சத்திரம். இன்று வரை யாரும் அந்தத் தேதியில் சந்தேகம் எழுப்பாததற்கு, ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே காரணம்.

சந்திப்பு கேசட்காரர் எழுதியது:

நான் சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன்; ஆசிரியை அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலி சந்திப்பில் பல ஆண்டுகள் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தவன் நான். பிறந்த நாளைச் சொல்லி ஒரு வாடிக்கையாளர்கூட என்னிடம் பாட்டுக் கேட்டதில்லை. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டின் முதல் அடிகளை எழுதிக்கொண்டு வருவார்; அறுபது நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, குட்டையானவையாக இருந்தால் ஏழு. எது எந்தப் பக்கம், எதற்குப் பிறகு எது என்று இருவரும் கல்லாவின் மேல் தாளை வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்வோம். 'இந்தப் பாட்டு எங்கள் கல்யாணத்தன்று ஒலிபெருக்கியில் போட்டது', 'இது அப்பா இருந்தபோது சிலோன் ரேடியோவில் காலையில் வரும்' என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நாளை அவர்களே சொல்வார்கள்.

மன்னார் வளைகுடாவின் இக்கரையில் இருக்கும் நமக்கு இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் போலவே கேட்டது. திருநெல்வேலிக்கென்று வானொலி நிலையம் வந்தது 1963இல்தான். 1950களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், நம் மாவட்டத்துத் தேநீர்க் கடைகள் முழுக்க முழுக்க இலங்கையைத்தான் திருப்பி வைத்திருந்தன. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் திரைப்பாடல் ஒலிபரப்பான விவிதபாரதி தொடங்கப்பட்டதும் அந்தப் போட்டியினால்தான். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், பிறகு அப்துல் ஹமீது ஆகியோரின் குரலை நம் வீட்டுக் குரல்களுக்குச் சமமாக அடையாளம் தெரிந்து வைத்திருந்தோம். காலை நிகழ்ச்சியான 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பொருள்.

ஆகையால் என் கோரிக்கை இது. யார் எப்போது பிறந்தார் என்பதைக் குறைத்து, எந்தப் பாட்டு எப்போது நம் காதுக்கு வந்தது என்பதைக் கூட்டுங்கள். 1976 மே மாதம் அன்னக்கிளி, 1992 ஆகஸ்ட் 15 ரோஜா: இவை இரண்டும் என் கடைக்கு ஒப்பாக எத்தனையோ கடைகளின் வரவுசெலவையே மாற்றிய நாட்கள். ரோஜா வந்த பிறகு, நாடாவின் தரத்தைப் பற்றி அதுவரை வாய் திறக்காதவர்களும், தாழ்ந்த ஒலி இழுபடாமல் வருமா என்று கேட்டு, விலை கூடிய நாடாவைக் கொடுங்கள் என்றார்கள்.

பாளை ஆசிரியை எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் சொல்வதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அது எழுத முடிகிறவரைதான். படம் வெளியான தேதி பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. பாட்டுப் பதிவான தேதி கிடைப்பதில்லை. என்னிடம் இருக்கும் எழுபத்தெட்டுச் சுற்று இசைத்தட்டுகளின் நடுவிலுள்ள வட்டத்தாளில் பாடியவர் பெயர், ராகம், தட்டின் எண் எல்லாம் இருக்கின்றன, தேதி இல்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் கதைச்சுருக்கம்கூட 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். நாளைப் பற்றி ஒரு சொல் இருக்காது. பாட்டுக்கு நாள் இல்லாத இடத்தில்தான், பாடியவரின் நாளை அதற்குரியதாக எடுத்துக்கொள்கிறேன். மார்ச் 24 அன்று டி.எம். சௌந்தரராஜனின் பிறப்பையும் 1988இல் அதே தேதியில் நேர்ந்த சீர்காழி கோவிந்தராஜனின் மறைவையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். அன்று மாலை வாசகசாலையில் ஆறு பேர் அமர்ந்து இருவர் பாடல்களையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டுக் கேட்டோம். அந்தப் பலகை வரி இல்லாவிட்டால் அந்த மாலை அமைந்திருக்காது.

கடையநல்லூர்க்காரர் எழுதியது:

டி.எம்.எஸ். பெயர் வந்ததால் நான் பேசியே ஆக வேண்டும். அவருடைய முதல் திரைப்பாட்டு 1950இல் வந்த கிருஷ்ண விஜயம் படத்தில் இடம்பெற்றது. அந்த வாய்ப்பைக் கொடுத்த இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. 1914இல் எங்கள் கடையநல்லூரில் பிறந்தவர். கோவையில் அவருக்குக் கீழே எடுபிடியாக இருந்து தொழில் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர்தான் எம்.எஸ். விஸ்வநாதன். 1948இல் வந்த அபிமன்யு படத்துக்கு அந்தச் சிறுவர் போட்ட மெட்டு ஒன்றை நாயுடு ஏற்றுக்கொண்டார் என்பதும், பிற்காலத்தில் விஸ்வநாதன் தம் குருவைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணி, 1979இல் அவர் மறைந்தபோது மகனுக்கு மகனாக நின்றார் என்பதும் ஊரறிந்தவை.

நீங்கள் ஜூன் 24க்கு இடம் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாளில் எம்.எஸ்.வி.யைப் பற்றி எழுதும்போது ஒரே ஒரு சொல், 'கடையநல்லூர் சுப்பையா நாயுடுவின் மாணவர்' என்று சேர்த்துவிடுங்கள். நாடோடி மன்னன் படத்தின் 'தூங்காதே தம்பி தூங்காதே' எங்கள் ஊர்க்காரர் மெட்டு என்பது, அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. எனக்கு இது நெடுநாளாக ஆறாத வருத்தம்.

கொஞ்சும் சலங்கையும் அவர் இசைதான். 1962. ஆபேரி ராகத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாயனமும் ஒன்றையொன்று துரத்தும் 'சிங்கார வேலனே தேவா' பாட்டைக் கேளுங்கள். இசை கடையநல்லூர், நாயனம் காருக்குறிச்சி. தமிழ்நாடு முழுவதும் கொண்டாடிய ஒரு பாட்டில் பாதிக்கு மேல் நம் மாவட்டம் இருக்கிறது! திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் மாணவரான அருணாசலம், பிறகு கோவில்பட்டியில் குடியேறி, 1964 ஏப்ரலில், நாற்பது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே மறைந்துவிட்டார். அந்தப் பாட்டில் ஜானகி ஸ்வரம் பாடி முடிக்கும் இடத்தில் நாயனம் அதே வேகத்தில், ஆனால் ஒரு மயிரிழை மென்மையாக உள்ளே நுழைவதைக் கவனியுங்கள். கோயில் பிராகாரத்தில் ஊரே கேட்க வாசித்துப் பழகிய வாத்தியத்தை, ஒலிவாங்கிக்கு முன்னே ஒரு பெண்குரலுக்கு இணையாக அடக்கி வாசித்திருக்கிறார்.

வள்ளியூர்ப் பயணி எழுதியது:

ஏப்ரல் என்றதும் எனக்கு எங்கள் ஊர் ரயில் நிலையம் நினைவுக்கு வருகிறது. பாடகர் ஏ.எம். ராஜா 1989 ஏப்ரலில் வள்ளியூர் நிலையத்தில்தான் உயிரிழந்தார். குமரி மாவட்டக் கச்சேரிப் பயணத்தின்போது, நகர்ந்துகொண்டிருந்த ரயிலில் ஏற முயன்று, நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே விழுந்துவிட்டார். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் பாதை வந்ததே 1981இல்தான். எட்டு ஆண்டுகளே ஆன ஒரு பாதையில், ஓரிரு நிமிடமே வண்டி நிற்கும் ஒரு சிறிய நிலையத்தில், அந்தக் குரல் நின்றது.

ராஜா சித்தூர் மாவட்டத்தில் 1929 ஜூலை 1 அன்று பிறந்தவர். நம் ஊர்க்காரர் அல்லர். என்றாலும் அவருடைய கடைசி நாள் நம் மண்ணில் நிகழ்ந்தது. உரக்கப் பாடுவதே பாட்டு என்று நாடக மேடை வழியில் எண்ணியிருந்த காலத்தில், காதோடு பேசுவதற்கு ஒப்பாகப் பாடிக் காட்டியவர் அவர். ஜெமினி கணேசனுக்கு அந்தக் குரல் எத்தனை இயல்பாகப் பொருந்தியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1959இல் வந்த கல்யாண பரிசு படத்துக்கு இசையும் அவரே. மனைவி ஜிக்கியோடு பாடியவை தனிக் கதை.

பலகையில் இதை எழுதுங்கள் என்று கேட்பதற்கே எனக்குத் தயக்கம் இருந்தது. ஒரு விபத்தை ஊரின் பெருமையாகச் சொல்வது முறையன்று. ஆனால் வள்ளியூரில் வண்டி நிற்கும்போதெல்லாம் அந்த இடைவெளியை நான் குனிந்து பார்க்காமல் ஏறியதில்லை.

மேலப்பாளையம் இளையவர் எழுதியது:

வள்ளியூர் அண்ணன் தயங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 1959 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சிறு விமானம் வயலில் விழுந்து, பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன் ஆகிய மூன்று பாடகர்களும் இறந்தார்கள். மூவரும் அந்த ஊர்க்காரர்கள் அல்லர். கச்சேரி முடித்துக் கிளம்பியவர்கள். ஆனாலும் அந்த வயலுக்குப் போகும் வழியில் ஹாலியின் மூக்குக்கண்ணாடியைப் பெரிய உருவில் செய்து நட்டிருக்கிறார்கள். அவர்கள் கடைசியாகப் பாடிய அரங்கில் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை ஒட்டிக் கச்சேரி நடக்கிறது. நடந்த இடத்தில் நினைவுகூர்வது பெருமைக்காக அன்று என்பதை அவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

தேதிக் கணக்கைப் பற்றியும் ஒன்று. எக்காளக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தாம் 1900 ஜூலை 4 அன்று பிறந்ததாகவே வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அவர் 1971இல் மறைந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, நியூ ஆர்லியன்ஸ் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் உண்மைத் தேதி கிடைத்தது: 1901 ஆகஸ்ட் 4. நம் பக்கத்திலும் கொல்லம் ஆண்டு இல்லாத வீடுகளுக்கு மாதா கோயில் பதிவேடுகள் உண்டு. தூத்துக்குடியில் 1927 ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறந்த ஜே.பி. சந்திரபாபுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முழுப்பெயரான ஜோசப் பனிமயதாஸ் என்பதிலேயே ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா இருக்கிறது. பெயர் மட்டும் தேதிக்குச் சான்றாகிவிடாது என்றாலும், அந்த நாளில் அவரை நினைக்க அது போதும். நகைச்சுவை நடிகர் என்று மட்டும் எழுதாமல், குரலைச் சட்டென்று உடைத்து மேலே ஏற்றும் மேலைநாட்டுப் பாணியைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் என்று எழுதுங்கள், டீச்சர்.

சந்திப்பு கேசட்காரர் எழுதியது:

தம்பி சொன்னதைப் படித்த பிறகு என் முந்தைய கருத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். பாட்டுக்கு நாள் இல்லாவிட்டாலும் இடம் இருக்கலாம் என்பது எனக்கு இதுவரை தோன்றவில்லை. ஏ.எம். ராஜா மறைந்த வாரத்தில் அவர் பாட்டுகளை மட்டுமே கேட்டுப் பலர் வந்தது நினைவிருக்கிறது. பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்தவர்கள். தாள் எழுதிக்கொண்டு வரவில்லை, வாயாலேயே சொன்னார்கள். ஆசிரியை அம்மா, வள்ளியூர் வரியை எழுதும் நாளில் தெரிவியுங்கள். என்னிடமுள்ள பழைய நாடாக்களில் இன்னும் ஓடக்கூடியவற்றைத் தேர்ந்து, பெட்டியோடு வாசகசாலைக்கே கொண்டுவருகிறேன்.

செங்கோட்டைவாசி எழுதியது:

நானும் வருகிறேன். கிட்டப்பாவுக்கு டிசம்பர் 2ஐயும் விட்டுவிடாதீர்கள். அவர் போன பிறகு அவருடைய துணைவியாரும் உடன் நடித்தவருமான கே.பி. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவையோடு, இனி எந்த ஆணோடும் இணைந்து நடிப்பதில்லை என்ற உறுதியையும் ஏற்றார். 1935இல் நந்தனாராக, ஆண் வேடத்திலேயே படத்தில் தோன்றினார். அந்த உறுதி தொடங்கிய நாள் என்றும் டிசம்பர் 2ஐக் கொள்ளலாம்.

பாளை ஆசிரியை எழுதியது:

இன்று காலையில் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு நீங்கள் அனைவரும் தந்தவற்றை உரிய பக்கங்களில் சேர்த்துவிட்டேன். கிட்டப்பாவுக்கு இரண்டு பக்கங்களிலும் இடம் கொடுத்தேன். ஆகஸ்ட் 25இல் கொல்லம் 1082 ஆவணி என்பதையும் அடைப்புக்குள் எழுதினேன். ஜூன் 24இல் கடையநல்லூர் ஏறிவிட்டது. சந்திரபாபுவை ஆகஸ்ட் 5இல், பனிமய மாதா திருவிழாவோடு சேர்த்திருக்கிறேன்.

ஏப்ரல் பக்கத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று. அருணாசலத்துக்கும் ராஜாவுக்கும் இடையே சரியாக இருபத்தைந்து ஆண்டுகள். இருவருக்கும் அதே மாதம். நாளை மட்டும் எழுதி விட்டுவிட மனம் வரவில்லை. கடைசியில் பலகைக்கென்று எழுதிவைத்த வரி இது: 'ஏ.எம். ராஜா, 1929 ஜூலை 1 – 1989 ஏப்ரல். பிறந்தது சித்தூர்ச் சீமை, மறைந்தது வள்ளியூர் ரயில் நிலையம். இன்று மாலை ஆறு மணிக்கு அவருடைய பாடல்கள், சந்திப்பு அண்ணாச்சியின் நாடாக்களிலிருந்து.'

வள்ளியூர்த் தம்பி, நீங்கள் வருவதாக இருந்தால் நாற்காலி ஒன்று கூடுதலாகப் போடச் சொல்லிவிடுகிறேன்.